லென்ஸ் பெட்டியில் தொக்கு ஜாடி

5

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருங்கள்."

"முக்கியம்னா எடுத்துத் தொலையேன்!" என்றாள் ரூமியானா, மேஜைமேல் கிடந்த செல்போனைப் பார்த்து.

செல்போன் அசரவில்லை. மறுபடியும் பியானோ வாசிக்க ஆரம்பித்தது. காலையிலிருந்து அதே நாலு சுரம். புகார் என்றால் நான்கை அழுத்துங்கள் என்றது, அழுத்தினாள். ஆர்டர் எண் என்றது, அழுத்தினாள். எல்லாம் அழுத்தி முடித்த பிறகு பியானோ. இனிமேல் பியானோ சத்தம் எங்கே கேட்டாலும் தனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும் என்று தோன்றியது அவளுக்கு.

ரூசே நகரத்தின் ஒரே பெண் துப்பறிவாளர் ரூமியானா. ஐம்பதைத் தாண்டியவள். காப்பீட்டுக் கம்பெனியில் பொய்யாக இழப்பீடு கேட்பவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய்ச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவள். பொறுமை என்ற சரக்கு அவளிடம் எப்போதுமே கையிருப்பு கம்மி. எதிரே உட்கார்ந்திருந்த மில்கோ முன்னாள் டாக்ஸி டிரைவர், இந்நாள் உதவியாளர். வாய்க்குப் பூட்டு கிடையாது.

இருவருக்கும் நடுவில் மேஜைமேல் வழக்கு உட்கார்ந்திருந்தது. ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. உள்ளே கழுத்துவரை சிவப்பாகக் குடைமிளகாய்த் தொக்கு. இலையுதிர் காலம் வந்தால் இந்த ஊரில் ஒரு பால்கனி பாக்கியில்லாமல் மிளகாய் சுட்டு, தக்காளி சேர்த்துக் கிண்டி, குளிர்காலத்துக்கு அடைத்து வைக்கிறார்களே, அதே தொக்கு.

மில்கோ பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டான்.

"தொடாதே."

"சும்மா பார்க்கறேன் பாஸ்."

"கையில ரொட்டியோட யாருய்யா சும்மா பார்ப்பான்? அது சாட்சி."

"மூடியைத் திறந்து வாசம் மட்டும்தான் பார்த்தேன். அதுக்கே சொல்றேன், கத்தரிக்காய் போட்டிருக்கான். தொக்குல கத்தரிக்காய் போடறவன் எதுக்கும் துணிஞ்சவன்."

"எங்க வீட்டுல போடுவோம்," என்றான் ஜன்னலோரம் நின்ற காமென், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"நான் பொதுவா சொன்னேன் சார்."

காமென்தான் கட்சிக்காரன். கல்யாண போட்டோகிராபர். அவனுடைய பெரிய லென்ஸ் போன மாதம் ஒரு ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு முன்னால் தொட்டித் தண்ணீரில் முழுகி எழுந்து, அத்தோடு கண் மூடிவிட்டது. புதிதாக ஒன்றைத் தலைநகர் சோஃபியாவில் இருக்கும் ஆன்லைன் கடையில் ஆர்டர் செய்தான். புத்தம் புதியது, தள்ளுபடி விலை, கையிருப்பில் கடைசி ஒன்று என்று திரையில் சிவப்பு எழுத்து மினுமினுத்ததாம். பார்சல் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தான். லென்ஸ் பெட்டிக்குள், லென்ஸின் எடைக்குச் சரியாக, சமையலறைத் துண்டில் சுற்றிய தொக்கு ஜாடி. சனிக்கிழமை அவனுக்குக் கல்யாண ஆர்டர். கையில் லென்ஸும் இல்லை, பணமும் இல்லை.

"இதுல என்ன மேடம் துப்பறிய இருக்கு?" என்றான் காமென். "பார்சலைக் கொடுத்தது லியூபென். கேமரா கடை லியூபென், பார்சல் கம்பெனியோட கவுன்ட்டர் அவர் கடையிலதான். பெட்டி அவர் கடையில ராத்திரி பூரா இருந்திருக்கு. பார்சல் கம்பெனியில எழுதிக் கொடுத்துட்டேன். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள லென்ஸ் வரலேன்னா பார்சல் கவுன்ட்டரை அவர்கிட்டேருந்து பிடுங்கிடுவாங்க. நான் நேரா போலீசுக்குப் போவேன்."

"போங்க. அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"போலீஸ் ஆதாரம் கேக்கும். அதை நீங்க கொண்டு வரணும்."

ரூமியானாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. தீர்ப்பை எழுதிவிட்டு ஆதாரத்துக்கு ஆள் தேடுகிற கட்சிக்காரர்களை அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. ஆனால் போன மாத வாடகையே பாக்கி. வாயை மூடிக்கொண்டாள்.

பியானோ சட்டென்று நின்றது. சோஃபியா கடையிலிருந்து ஒரு பெண் குரல், நிஜமான மனுஷக் குரல், வந்தது.

"சொல்லுங்க மேடம்." ரூமியானா தொக்கு வந்த கதையைச் சொன்னாள். "பணம் கட்டறதுக்கு முன்னாடி கவுன்ட்டர்லயே பெட்டியைத் திறந்து பார்க்கற வசதி இருக்கு. உங்க கஸ்டமர் திறந்து பார்க்கலை. கையெழுத்துப் போட்டுட்டார். எங்க பொறுப்பு அங்கேயே முடிஞ்சுது."

"உங்க கிடங்குலேருந்து கிளம்பும்போது உள்ள லென்ஸ் இருந்துதாம்மா?"

"சிஸ்டத்துல புதுசுன்னு இருக்கு மேடம்."

"சிஸ்டத்தைக் கேக்கல. யாராவது பெட்டியைத் திறந்து கண்ணால பார்த்தீங்களா?"

"சிஸ்டத்துல புதுசுன்னு... இன்னைக்கு எங்க சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீங்க?"

ரூமியானா இணைப்பைத் துண்டித்தாள். செல்போனைச் சுவரில் எறியாமல் இருந்ததற்குக் காரணம், அதுவும் தவணையில் வாங்கியது என்பதுதான். பிறகு மெதுவாகக் காமென் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு ஒரு விஷயம் சரியா சொன்னா. இந்த ஊர்ல பெட்டியைத் திறக்காம பணம் கட்டற ஆளை நான் பார்த்ததே இல்லை. எங்க மாடி வீட்டம்மா காலுறை ஆர்டர் பண்ணினாக்கூட, கவுன்ட்டர்லயே பிரிச்சு, கையை உள்ள விட்டு, நீட்டி இழுத்துப் பார்த்துட்டுத்தான் பர்ஸைத் திறப்பாங்க. நீங்க ஏன் பார்க்கலை?"

"அவசரம்," என்றான் காமென். அதைச் சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"கிளம்பலாம். பெட்டியையும் ஜாடியையும் துண்டையும் எடுத்துக்க மில்கோ. ரொட்டி வேணாம்."

---

லியூபென் கடையின் கண்ணாடிக் கதவில் பார்சல் கம்பெனியின் ஸ்டிக்கர் பெரிதாக ஒட்டியிருந்தது. கடையின் சொந்தப் பெயர் அதற்குப் பின்னால் எங்கேயோ ஒளிந்திருந்தது. உள்ளே ஒரு பக்கம் ஷெல்ஃபில் கேமராக்கள். மற்ற மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள். காலணி, ஹேர் டிரையர், நாய்த் தீனி, எல்லாம் மற்றவர்கள் ஆன்லைனில் வாங்கியவை.

ஒரு பெண்மணி வந்து எண்ணைச் சொன்னாள். லியூபென் ஏணியில் ஏறிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவள் அங்கேயே பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு கேமராப் பை. அதே பை, அதே நிறத்தில், அவள் தலைக்கு மேலேயே ஷெல்ஃபில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. லியூபென் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சில்லறை கொடுத்தார்.

"இதைத்தான் ஜூன் மாசத்துலேருந்து பண்ணிக்கிட்டிருக்கேன்," என்றார் அவள் போனதும். அறுபதைத் தொடுகிற ஒல்லி மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. "என் பிழைப்பைக் கெடுக்கறவன் சரக்கை நானே எடுத்துக் கொடுக்கறேன். கடை வாடகை இதுலதான் போகுது. இதையும் பிடுங்கிட்டா ஷட்டரை இழுத்துட்டுப் போயிட வேண்டியதுதான். நீங்க துப்பறியறவங்கதானே? கேளுங்க."

"பெட்டியைக் கொடுக்கும்போது இவர்கிட்ட ஏதோ சொன்னீங்களாமே?"

"உள்ள செங்கல் இருக்கட்டும்னு சொன்னேன். ஆமா, சொன்னேன். கடையில நாலு பேர் இருந்தாங்க, எல்லார் காதுலயும் விழற மாதிரிதான் சொன்னேன்."

"பார்த்தீங்களா மேடம்!" என்று துள்ளினான் காமென். "வாயாலயே ஒத்துக்கிட்டார்!"

"செங்கல்னுதானே சொன்னார்?" என்றான் மில்கோ. "வந்தது தொக்கு. சாபம் கூட வேற விலாசத்துக்குப் போயிருக்கு."

"மில்கோ, வாயை மூடு. லியூபென், ஏன் அப்படிச் சொன்னீங்க?"

லியூபென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டவில்லை.

"பத்து நாள் முன்னாடி இந்தத் தம்பி வந்தான். ஷோகேஸ்ல ஒரு பெரிய லென்ஸ் இருக்கு பாருங்க, பழசுதான், ஆனா புதுசு மாதிரி. அதை எடுத்துக் காட்டச் சொன்னான். காட்டினேன். தன் கேமராவுல மாட்டிப் படம் எடுத்துப் பார்த்தான். கடைக்குள்ள எடுத்தான், தெருவுல எடுத்தான், என் முகத்தைக் கூட எடுத்தான். எதுல சரியா வரும், எதுல வராதுன்னு ஒவ்வொண்ணா கேட்டான். மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளி வெச்சுட்டு பதில் சொன்னேன். ரெண்டு காபி வாங்கிக் கொடுத்தேன். கடைசியில, யோசிச்சு சொல்றேன் அண்ணேன்னு போனான். யோசிச்சான். சோஃபியாவுல ஆர்டர் போட்டான். பார்சல் எங்க வந்துது? இங்க! என் கவுன்ட்டருக்கே!"

காமென் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்டியை வெச்சுட்டு, திறந்து பாரு தம்பின்னேன். எல்லாருக்கும் சொல்றதைத்தான் சொன்னேன். வேணாம் அண்ணே, நம்பறேன்னான். நம்பறானாம்! என் முகத்தைப் பார்க்க முடியலை அவனால. பணத்தை வெச்சுட்டு ஓடிட்டான். அப்பத்தான் வயிறெரிஞ்சு அப்படிச் சொன்னேன்."

ரூமியானா காமெனைப் பார்த்தாள். "அவசரம்னு சொன்னீங்க."

"இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே கிடைக்குதுன்னுதான்..." என்று இழுத்தான் அவன். "இந்தக் கடைக்கே வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல இருக்கற பாயிண்ட்னு அமுக்கினேன். அவர் முன்னாடி நின்னு அந்த லென்ஸைப் பிரிச்சு, திருப்பித் திருப்பிப் பார்க்க எனக்கு எப்படி மேடம் மனசு வரும்?"

ஆக, வெட்கம். நாட்டில் எல்லோரும் காலுறையைக்கூடப் பிரித்துப் பார்க்கிறார்கள், இவன் ஒருத்தன் வெட்கப்பட்டு மூவாயிரம் லெவா விலையுள்ள லென்ஸைப் பிரித்துப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். ரூமியானாவுக்கு அவன் மண்டையில் ஒரு குட்டு வைக்க வேண்டும்போல் இருந்தது. கட்சிக்காரன் மண்டை என்பதால் விட்டாள்.

"பாஸ்," என்றான் மில்கோ. குரலில் கிண்டல் இல்லை. ஷோகேஸ் பக்கம் குனிந்து நின்றிருந்தான். "கொஞ்சம் வாங்க."

"என்ன?"

"பெட்டி மேல ஒரு நம்பர் இருக்குல்ல? லென்ஸ் மேலயும் அதே நம்பர் இருக்கும்னு வண்டியில வரும்போது காமென் சார் சொன்னார். சும்மா இருக்கோமேன்னு, இந்த ஷோகேஸ் லென்ஸ் நம்பரைப் படிச்சுப் பார்த்தேன்."

"சரி?"

"நீங்களே பாருங்க."

ரூமியானா லியூபெனின் பூதக்கண்ணாடியை வாங்கினாள். காமெனின் காலிப் பெட்டியில் அச்சடித்திருந்த வரிசை எண் 7016 என்று முடிந்தது. ஷோகேஸ் லென்ஸின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள். முழு எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டாள்.

இரண்டும் ஒன்றே.

காணாமல்போன லென்ஸ், கண்ணெதிரே, விலைச்சீட்டோடு ஷோகேஸில் உட்கார்ந்திருந்தது.

"திருடன்!" காமென் குரல் கடையே அதிரும்படி ஒலித்தது. "என் லென்ஸை எடுத்து ஷோகேஸ்லயே வெச்சிருக்கான்! என்ன தைரியம்! மேடம், போலீசைக் கூப்பிடுங்க!"

லியூபென் வெளுத்துப்போய்க் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டார். "எப்படி... அது எப்படி... அதை நான் காசு கொடுத்து வாங்கினேன்மா. ஏப்ரல்ல ஒருத்தன் வந்தான். பரிசா வந்துது, பெட்டி தொலைஞ்சுபோச்சுன்னான்..."

"ஏப்ரலாம்! கதை விடறார்!"

ரூமியானா இந்த மனிதரை நம்பியிருந்தாள். வந்த இரண்டாவது நிமிடமே நம்பிவிட்டாள், அதுதான் எரிச்சலாக இருந்தது. காமென் ஏற்கெனவே செல்போனை எடுத்து எண்களை அழுத்திக்கொண்டிருந்தான்.

அந்த செல்போனின் கேமராவைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது.

"நிறுத்துங்க!"

"எதுக்கு?"

"பத்து நாள் முன்னாடி நீங்க இங்க மாட்டிப் பார்த்தது எந்த லென்ஸ்?"

"இதேதான். ஷோகேஸ்ல இருந்தது."

"எடுத்த படமெல்லாம் இருக்கா?"

"கேமராவுலயே இருக்கு. ஏன்?"

"கொடுங்க."

காமென் தோள்பையிலிருந்து கேமராவை எடுத்தான். ரூமியானா படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். தெரு, காபி மெஷின், மணிக்கூண்டு. லியூபெனின் முகம், வாய் பாதி திறந்து, எதையோ அக்கறையாக விளக்கிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு படத்தோடயும் எந்த லென்ஸ்ல எடுத்ததுன்னு கேமராவே குறிச்சு வெச்சுக்குமாமே? நம்பரோட?"

"ஆமா, லேப்டாப்புல போட்டா..." காமென் நிறுத்தினான். அவனுக்கும் புரிய ஆரம்பித்துவிட்டது.

லியூபென் தன் பழைய லேப்டாப்பைத் திறந்தார். படம் ஏறியது. கீழே விவரங்கள் வரிசையாக வந்தன. லென்ஸின் எண், 7016 என்று முடிந்தது. எடுத்த தேதி, காமென் ஆர்டர் போடுவதற்கு முன்.

"அதாவது," என்றாள் ரூமியானா, "உங்க பார்சல் சோஃபியாவுலேருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே இந்த லென்ஸ் இங்க இருந்திருக்கு. உங்க கையிலயே இருந்திருக்கு. அந்தப் பெட்டி இங்க வந்தப்போ அதுக்குள்ள லென்ஸ் இருந்திருக்க வழியே இல்ல. சாட்சி யாரு தெரியுமா? நீங்கதான்."

மில்கோ மெல்ல விசிலடித்தான். "கட்சிக்காரரே எதிர்க்கட்சி சாட்சி. ஃபீஸ் ரெண்டு மடங்கு கேக்கலாம் பாஸ்."

காமென் விடவில்லை. "அப்போ முன்னாடியே எடுத்திருப்பார்! இவர் பார்சல் கடை வெச்சிருக்கவர்தானே? வேற எப்பவாவது இந்தப் பெட்டி இவர் வழியா போயிருந்தா?"

நியாயமான கேள்வி. பதில் எங்கே இருக்கிறது என்று ரூமியானா யோசித்தாள். கடையில் பெட்டிகள், பெட்டிகள், பெட்டிகள். கையில் ஒரு தொக்கு ஜாடி, அதைச் சுற்றிவந்த துண்டு. துண்டைக் கவுன்ட்டரில் விரித்தாள். அகலமான ஒட்டுநாடா துண்டோடு துண்டாக ஒட்டிக் கிடந்தது. லியூபெனின் மேஜைவிளக்கை அருகே இழுத்தாள். பூதக்கண்ணாடியைப் பிடித்தாள்.

ஒட்டுநாடாவுக்கு அடியில், பசையில் அமுங்கி, விரல் நீளத்துக்கு ஒரு நூல். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்.

அது என்ன நூல் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் முதல் தேதி எல்லோர் மணிக்கட்டிலும் ஏறுகிற மார்தெனிட்சா. நாரையோ பூத்த மரமோ கண்ணில் படும்வரை கட்டியிருந்து, பிறகு அவிழ்த்து மரக்கிளையில் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் கையில் வைத்திருந்தால் ஆகாது என்று நாத்திகன்கூட அவிழ்த்துவிடுவான்.

"இப்போ என்ன மாசம் மில்கோ?"

"அக்டோபர் பாஸ். இப்ப மார்தெனிட்சா கட்டியிருக்கறவன், தொக்குல கத்தரிக்காய் போடறவனை விட மோசமானவன்."

"இந்த ஜாடியைத் துண்டுல சுத்தி ஒட்டினவன் கையில மார்தெனிட்சா இருந்திருக்கு. ஒட்டும்போது நூல் அறுந்து பசையில மாட்டிக்கிச்சு. அவன் கவனிக்கலை. அதாவது, இந்தப் பெட்டிக்குள்ள தொக்கு போனது மார்ச் மாசம். ஆன்லைன்ல லென்ஸை வாங்கியிருக்கான், லென்ஸை எடுத்துக்கிட்டு ஜாடியை வெச்சு, பிடிக்கலைன்னு திருப்பி அனுப்பிட்டான். பணமும் வாங்கிட்டான். சோஃபியா கிடங்குல ஒருத்தர் கூடத் திறந்து பார்க்கலை. கோடை பூரா அலமாரியில தூங்கிட்டு, தள்ளுபடியில கடைசி ஒண்ணுன்னு உங்க தலையில கட்டிட்டாங்க. அவன் லென்ஸை ஏப்ரல்ல லியூபென் தலையில கட்டிட்டான்." ரூமியானா திரும்பினாள். "நீங்க பார்சல் எடுக்க ஆரம்பிச்சது எப்போன்னு சொன்னீங்க?"

"ஜூன்ல," என்றார் லியூபென். "ஜூன்லதான்மா. மார்ச்சுல இங்க பார்சலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வெறும் கேமராதான்."

ரூமியானா செல்போனை எடுத்து சோஃபியா கடைக்கு மறுபடி அடித்தாள். நான்கை அழுத்தினாள். பியானோ வந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கடைசியில் காலையில் பேசிய அதே பெண்.

"திருப்பி வந்த பெட்டியைத் திறக்காமலே புதுசுன்னு வித்திருக்கீங்க. என்கிட்ட ஆதாரம் இருக்கு. மார்ச்சுல அதை முதல்ல வாங்கினவன் பேரும் விலாசமும் உங்க சிஸ்டத்துல இருக்கும். அதையாவது சரியா வெச்சிருக்கீங்களா? போலீஸ் கேக்கும்போது அதைக் கொடுங்க. அதுக்கு முன்னாடி, தப்பு உங்க கிடங்குலதான்னு பார்சல் கம்பெனிக்கு இப்பவே சொல்லிடுங்க. இல்லேன்னா எத்தனை நட்சத்திரம்னு பத்திரிகையில சொல்றேன்."

"எங்க மேலாளரைக் கூப்பிடறேன் மேடம்," என்றாள் அந்தப் பெண், மெல்லிய குரலில். இந்தத் தடவை பியானோ வாசிக்கவில்லை. மேலாளர் வந்தார். மன்னிப்புக் கேட்டார். ரூமியானா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்சல் கம்பெனியிலிருந்து லியூபெனுக்குச் செய்தி வரும்வரை இணைப்பை விடவில்லை.

செய்தி வந்தது. கவுன்ட்டர் அவரிடமே இருக்கும்.

லியூபென் நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சும்மா இருந்த மனிதனைக் கீழே தள்ளிவிட்டு, பிறகு கை கொடுத்துத் தூக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தார்.

"புகாரை வாபஸ் வாங்கறேன் அண்ணே," என்றான் காமென், தரையைப் பார்த்து.

லியூபென் எழுந்து ஷோகேஸைத் திறந்தார். லென்ஸை எடுத்தார். விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டார். காலிப் பெட்டியில் லென்ஸை வைத்து, மூடி, கவுன்ட்டரில் காமென் முன்னால் தள்ளினார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் ரூமியானா. "அதுக்கு நீங்க காசு கொடுத்திருக்கீங்க."

"திருட்டுச் சரக்குன்னு தெரிஞ்சப்புறம் ஷோகேஸ்ல எப்படிம்மா வெப்பேன்? இந்த நம்பருக்கு இவன் பணம் கட்டியிருக்கான். போலீஸ் கேட்டா கொண்டுபோய்க் காட்டட்டும். சனிக்கிழமை கல்யாணம்னு அன்னிக்கே சொன்னான், அந்தப் பொண்ணுக்குப் படம் வேணும்ல. என் காசை அந்த மார்ச் மாசத்துக்காரன்கிட்ட நீங்க வாங்கிக் கொடுங்க."

காமென் பெட்டியைக் கையில் எடுத்தான். கண் கலங்கியிருந்தது. கதவுப் பக்கம் திரும்பினான்.

"நில்லு," என்றார் லியூபென். "திறந்து பாரு."

"வேணாம் அண்ணே. நம்பறேன்."

"அன்னிக்கும் இதைத்தான் சொன்னே," என்றார் லியூபென். "என் முகத்தைப் பார்த்துக்கிட்டுத் திற."